காலுறைக்குள் கறுப்பு வெள்ளைக் கயிறு

போன வாரம் ஜிபெக் கைபேசியில் பேசியதைப் புருல் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டாள். ஒட்டுக் கேட்கவில்லை, துணி உலர்த்தப் போனேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உலர்த்தத் துணி எதுவும் கையில் இல்லை என்பது வேறு விஷயம்.

"மீரிம்கிட்ட இனிமே மறைக்க முடியாதுங்க. இந்த மேட்ச் முடியட்டும். நானே சொல்லிடறேன்."

மாஸ்கோவில் கட்டட வேலை பார்க்கும் தன் புருஷனிடம் ஜிபெக் சொன்னது அவ்வளவுதான். புருலுக்கு அது போதும். அன்றிலிருந்து சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை.

மறைக்க வேறென்ன இருக்கிறது? மூத்த மருமகள் புருலுக்குக் குழந்தையில்லை. இளையவள் ஜிபெக் பெற்ற முதல் பெண் குழந்தையை, நாற்பதாம் நாள் கழிந்ததும், மாமியாரே தூக்கி வந்து புருலின் மடியில் வைத்தாள். அவர்கள் ஊரான கோச்கோரில் இது புதிதில்லை. எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். ஊர் முழுக்கத் தெரியும். தெரியாதவள் ஒருத்திதான். பத்து வயது மீரிம், புருலை அம்மா என்றும் ஜிபெக்கைச் சித்தி என்றும் கூப்பிட்டு வளர்ந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்த வசந்தத்தில் ஜிபெக் சிறுமிகளுக்குக் கால்பந்து சொல்லித்தர ஆரம்பித்தாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

கல்யாணத்துக்கு முன் நாரின் மாகாண அணிக்கு ஆடியவள் ஜிபெக். இப்போது இரண்டு பையன்களுக்குத் தாய், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. அவள் சொல்லித்தருவதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதையெல்லாம் மீரிம் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டினாள்.

"நுனிக்காலால உதைச்சா பந்து அது இஷ்டத்துக்குப் போகும்மா. உள்பாதத்தால தள்ளினா நம்ம இஷ்டத்துக்குப் போகும். சித்தி சொன்னாங்க."

"பந்து வர்றதுக்கு முன்னாடியே யாருக்குக் கொடுக்கப் போறோம்னு நிமிர்ந்து பாத்துக்கணும். சித்தி சொன்னாங்க."

"விழுந்தவ நம்ம எதிரியா இருந்தாலும் கை கொடுத்துத் தூக்கி விடணும். சித்தி சொன்னாங்க."

சித்தி சொன்னாங்க, சித்தி சொன்னாங்க! பத்து வருடமாய்த் தான் சொன்னதெல்லாம் எங்கே போயிற்று என்று புருலுக்கு வயிறு எரிந்தது. தலையைத் துவட்டு, ஈரக்காலோடு நடக்காதே, பெரியவர்களுக்கு வணக்கம் சொல். இதில் ஒன்றையாவது "அம்மா சொன்னாங்க" என்று யாரிடமாவது சொல்லியிருப்பாளா?

அதைவிட மோசம், மாட்டுக்கொட்டகைச் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பழகும்போது அவள் இடது காலால் அடிப்பது. புருல் வலது கை, வலது கால். அவள் புருஷன் சபாரும் வலது கை. ஜிபெக் மட்டும் இடது.

இதற்கு ஊரில் ஒரு காரணம் சொல்வார்கள். அதுதான் புருலை அரித்துக்கொண்டே இருந்தது.

குழந்தை முதலடி வைத்ததும் அதன் இரண்டு கணுக்காலையும் கறுப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய கம்பளிக் கயிற்றால் கட்டி நிறுத்துவார்கள். தூரத்திலிருந்து ஓடிவந்து முதலில் சேர்கிறவர் அந்தக் கயிற்றை வெட்டிவிட வேண்டும். வெட்டியவரின் நடை குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. மீரிமுக்குக் கயிறு கட்டியது புருல்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள், பொடிசுகள் என்று பத்துப் பேர் ஓடினார்கள். கூப்பிடாமலே ஓட்டத்தில் சேர்ந்துகொண்ட ஜிபெக், ரப்பர்ச் செருப்போடு அத்தனை பேரையும் முந்திக்கொண்டு வந்து வெட்டினாள். வெட்டிவிட்டுக் குழந்தையின் காலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தைப் புருல் இன்னும் மன்னிக்கவில்லை.

போன வருடம் மீரிம் கேட்டாள். "என் கால் கயித்தை யாரும்மா வெட்டினா?"

"நான்தான்டி. பெரிய ஓட்டம் ஓடி ஜெயிச்சு வெட்டினேன்."

வாய் தவறி வந்ததுதான். ஆனால் மீரிம் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எங்க அம்மா பெரிய ஓட்டக்காரி, அதனாலதான் நான் இப்படி ஓடறேன்! அதைக் கேட்கும்போதெல்லாம் புருலுக்கு உள்ளூர இனிக்கும். பிறகு சொன்ன பொய் உறுத்தும்.

இன்று மேட்ச். சரி-புலாக் ஊர்ப் பெண்கள் வருகிறார்கள். சபார் ஆட்டு மந்தையோடு மலைமேலே மேய்ச்சல் நிலத்தில் இருக்கிறான், அவன் வரமாட்டான். விடிந்ததும் மீரிமின் நீலக் காலுறைகளை எடுத்து வைத்தபோது புருலுக்கு அந்த யோசனை வந்தது.

மரப் பெட்டியின் அடியில், வெல்வெட் துணிக்குள், அந்தக் கயிறு இருந்தது. வெட்டியதால் இரண்டு துண்டு. கட்டினது நான், வெட்டினது அவள். மறுபடி கட்டினால் அவள் கொடுத்த நடை போய்விடாதா?

நடக்கிற பிள்ளையின் காலை மறுபடி கட்டுவதா! கோச்கோரில் யார் காதில் விழுந்தாலும் காறித் துப்புவார்கள். அது புருலுக்கும் தெரியும். இருந்தும் ஊசியில் நூலைக் கோத்தாள். திரைச்சீலை தைத்துப் பிழைக்கிறவளுக்கு இது எம்மாத்திரம்? இடது காலுறை மடிப்புக்குள் ஒரு துண்டு, வலது மடிப்புக்குள் ஒரு துண்டு. தையல் வெளியே தெரியவில்லை.

"அம்மா, என் சாக்ஸ் எங்கே?"

"இதோடி கண்ணு. போட்டுக்கோ."

மீரிம் காலுறைகளை இழுத்து மாட்டிக்கொண்டாள். வாய் நிறையப் போர்சோக் என்னும் பொரித்த மாவுத் துண்டுகளைத் திணித்துக்கொண்டு, சட்டைப்பையில் உப்புத் தயிர் உருண்டைகளையும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

மைதானம் என்று பேர். காலையில் மாடு மேய்ந்த புல்தரை. சாணத்தை மண்வெட்டியால் அள்ளி ஓரம் கட்டியிருந்தார்கள். ஜிபெக் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே ஓரடி தள்ளி இன்னொரு கோடு போட்டிருந்தாள். அது பெற்றோருக்கு.

"இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கை தட்டலாம். எந்தப் பக்கம் நல்லா ஆடினாலும் தட்டலாம். உள்ளே இருக்கிற பிள்ளைங்களுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அது என் வேலை" என்றாள்.

"பள்ளிக்கூட வாத்தியாரம்மா எங்களுக்கும் பாடம் எடுக்கறாங்கடி" என்று சிரித்தாள் ரொட்டிக்கடை அனார்கான். எல்லோரும் சிரித்தார்கள். புருல் மட்டும் சிரிக்கவில்லை.

ஆட்டத்துக்கு முன் ஜிபெக் சிறுமிகளை வரிசையாக நிறுத்தினாள். தோடு, வளையல், மோதிரம், கழுத்துக் கயிறு எல்லாவற்றையும் கழற்றி அம்மாக்களிடம் கொடுத்துவிட்டு வரவேண்டும். மோதும்போது நமக்கும் குத்தும், எதிராளிக்கும் குத்தும். ஒவ்வொருத்தியாய்ப் பார்த்துக்கொண்டே வந்தாள். மீரிம் குனிந்து இடது காலைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"என்னடி?"

"சாக்ஸுக்குள்ள ஏதோ குத்துது சித்தி."

ஜிபெக் மண்டியிட்டாள். மடிப்பை விரலால் நெருடிப் பார்த்தாள். தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து இழுத்தாள். கறுப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய கம்பளிக் கயிறு, ஒரு சாண் நீளம், அவள் விரலில் தொங்கியது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற புருல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுக்குத் தெரியப் போவதில்லை, ஏதோ கண்ணேறு படாமல் இருக்க வைத்தது என்று நினைத்துக்கொள்வாள், இன்னொன்றைத் தேட மாட்டாள்.

ஜிபெக் கயிற்றின் வெட்டுப்பட்ட முனையைப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"அந்தக் காலையும் காட்டு."

இரண்டாவது துண்டும் வந்தது. இரண்டையும் கையில் சுருட்டிக்கொண்டு ஜிபெக் நேராகப் புருலிடம் நடந்துவந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"அக்கா, ஆடுறப்ப உடம்புல எதுவும் இருக்கக்கூடாது. இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் புருலுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். பெருந்தன்மை காட்டுகிறாளாம், பெருந்தன்மை! அவமானத்தில் காது மடல்கள் சுட்டன. அந்த அவமானம் கோபமாக மாற வெகுநேரம் ஆகவில்லை.

விசில் ஊதினார் நடுவர். சரி-புலாக் பெண்களை ஏற்றிவந்த வேன் ஓட்டுநர்தான் நடுவரும். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, ஏனென்றால் மனிதர் தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு எதிராகவே அதிகமாக விசில் ஊதினார்.

முதல் பாதி முழுக்க இருபது கால்கள் ஒரு பந்தைச் சுற்றி மொய்த்தன. பழகின பாஸ், பழகின நிறுத்தம் எல்லாம் காற்றில் போயின. மீரிம் ஒருத்திதான் அவ்வப்போது நிமிர்ந்து பார்த்தாள். பந்து வந்ததும் பாதத்தால் அமுக்கி நிறுத்தி, உள்பாதத்தால் தோழிக்குத் தள்ளினாள். கூட்டம் தட்டியது. அனார்கான் ஆர்வத்தில் புருலின் தோளைத் தட்டினாள்.

"அப்படியே அச்சுடி! அந்த இடது காலைப் பாரேன். அப்படியே..."

சொல்லிவிட்டு வாயைக் கடித்துக்கொண்டாள். அப்படியே யார் என்று அவள் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

சரி-புலாக் ஒரு கோல் போட்டது. அடுத்த நிமிடமே, மீரிமிடமிருந்து பந்தைப் பறிக்க வந்த பின்னல்காரச் சிறுமி ஒருத்தி தோளால் இடித்தாள். மீரிம் விழுந்தாள். பந்து போய்விட்டது. ஓட்டுநர் விசில் ஊதவில்லை.

அதற்குமேல் புருலால் பொறுக்க முடியவில்லை.

"சும்மா விடாதடி! நீயும் தள்ளு! திருப்பித் தள்ளு அவளை!"

மீரிம் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு ஓடிப்போய், பந்து எங்கேயோ இருக்க, பின்னல்காரியின் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். அந்தப் பெண் முகம் குப்புற விழுந்தாள். மோவாய் கிழிந்து ரத்தம் வந்தது.

நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் ஜிபெக்கின் குரல் கேட்டது.

"மீரிம். வெளியே வா. உட்காரு."

"அம்மாதான் தள்ளச் சொன்னாங்க!"

"தள்ளின கை யாரோடது? உன்னோடதுதானே? உட்காரு. இன்னிக்கு இனிமே ஆட வேண்டாம்."

புருல் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினாள். இரண்டு கோட்டையும் தாண்டினாள்.

"என் பொண்ணை எதுக்குடி வெளியே உட்கார வச்சே?"

"அக்கா, கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க. பிள்ளைங்க பாக்குதுங்க."

"பாக்கட்டும். அவ இடிச்சது உன் கண்ணுக்குத் தெரியல. என் பொண்ணு தள்ளினது மட்டும் தெரியுது."

"அது தோளோட தோள் இடிச்சது, அது ஆட்டம். இது முதுகுல தள்ளினது. யாரு தள்ளினாலும் இதேதான் செஞ்சிருப்பேன். கோட்டுக்கு உள்ளே நான் கோச். கோட்டுக்கு வெளியே நீங்க அம்மா. தயவுசெய்து போங்கக்கா."

நீங்க அம்மா என்கிறாள்! பிச்சை போடுகிற மாதிரி! புருலுக்குக் கண்ணை மறைத்தது. பத்து வருடமாகத் தொண்டையில் நின்றது அப்படியே வெளியே வந்து விழுந்தது.

"அம்மான்னு நீ எனக்குச் சொல்லித் தரவேண்டாம்! ராத்திரி பகலா வளத்தவ நான். பெத்துப் போட்டுட்டா மட்டும் அவ மேல உனக்கு உரிமை வந்துடுமா?"

அனார்கான் தெர்மாஸிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்த தேநீர் கிண்ணம் நிரம்பி அவள் கையில் வழிந்தது.

எவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்து இரவெல்லாம் புரண்டாளோ, அவள் சொல்லவில்லை. சொன்னது புருல். தன் வாயால், ஊர் நடுவில், பிள்ளையின் முன்னால். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. பார்த்தாள். மீரிம் பெஞ்சில் கைகளை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

ஆட்டம் எப்படியோ தொடர்ந்தது. கோச்கோர் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. புருலுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. கால் தானாகக் கோட்டுக்கு வெளியே கொண்டுவந்து விட்டிருந்தது. கைக்குள் கயிறு வியர்வையில் நனைந்திருந்தது.

கடைசி விசிலுக்குப் பிறகு இரண்டு அணியும் வரிசையாக நின்று கை குலுக்கின. மீரிமும் எழுந்துபோய் வரிசையின் கடைசியில் நின்றாள். மோவாயில் பஞ்சு ஒட்டியிருந்த பின்னல்காரியின் முன்னால் வந்ததும் நின்றாள்.

"நான் தள்ளினது தப்பு. ரொம்ப வலிக்குதா?"

"கொஞ்சம்."

மீரிம் சட்டைப்பையிலிருந்து தயிர் உருண்டைகளை எடுத்தாள். இரண்டை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தாள், ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். சொல்லித்தந்தவள் ஜிபெக், உருண்டை பிடித்தவள் புருல். இரண்டையும் பிள்ளை ஒரே பையில் வைத்திருந்தாள்.

வேன் கிளம்பிப் போயிற்று. கூட்டம் கலைய மனமில்லாமல் கலைந்தது. மைதானத்தில் மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள். மீரிம் நேராகப் புருலிடம் வந்தாள்.

"அம்மா, உன் கையில இருக்கிறது என் கால் கயிறுதானே?"

"ஆமா."

"அதை வெட்டினது யாரு?"

இந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பொறாமை பிடித்தவளின் நாக்கு அத்தனை சுலபமாகத் திரும்பாது.

"நான்தான்னு சொல்லியிருக்கேனேடி."

"அப்போ ஓடு. இந்தக் கோல்லேர்ந்து அந்தக் கோல் வரைக்கும். சித்தி, நீங்களும் ஓடுங்க."

"மீரிம், வேண்டாம்மா" என்றாள் ஜிபெக்.

"விட்டுக்கொடுக்காம ஓடணும். வேணும்னே தோத்துக் கொடுத்தா அது எதிராளியை அவமானப்படுத்தறதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஜிபெக் குனிந்து காலணி நாடாவை இறுக்கிக் கட்டினாள். இருவரும் கோல் கம்பத்தருகே போய் நின்றார்கள். ஒருத்தி நாற்பத்திரண்டு வயதுக்காரி, பருத்த உடம்பு, ரப்பர்ச் செருப்பு, முழங்கால் வலி. இன்னொருத்தி முப்பத்து நான்கு, ஆட்டக் காலணி. மீரிம் கை தட்டினாள்.

பத்தாவது அடியிலேயே ஒரு செருப்பு கழன்றது. புருல் இன்னொன்றையும் உதறிவிட்டு, பாவாடையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வெட்கம் எங்கோ போயிற்று. ஜெயிக்க வேண்டும், இந்த ஒரு முறை அவளை ஜெயிக்க வேண்டும். ஜிபெக்கின் முதுகு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. இடது காலை ஊன்றி, லேசாகத் தோளைச் சாய்த்து. மீரிம் ஓடும் அதே ஓட்டம். கொட்டகைச் சுவர்ப் பக்கம் தினமும் பார்க்கும் அதே ஓட்டம்.

மைதானத்தின் பாதியில் விலாவில் பிடித்துக்கொண்டது. நின்றுவிடலாம் என்று நினைத்தபோதுதான் பக்கத்தில் இன்னொரு மூச்சுச் சத்தம் கேட்டது. மீரிம். காற்றாய்ப் பறக்கிறவள், அம்மாவின் வேகத்துக்கு, அம்மா பக்கத்திலேயே ஓடிவந்துகொண்டிருந்தாள்.

"நிக்காதம்மா. வா, வா, இன்னும் கொஞ்சம்தான்."

கம்பத்தைப் பிடித்துக்கொண்டு புருல் அப்படியே புல்லில் உட்கார்ந்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அவதான்டி வெட்டினா. நான் கட்டினேன், அவ வெட்டினா. நான் பொய் சொன்னேன்."

"தெரிஞ்சிடுச்சு" என்றாள் மீரிம், மூச்சிரைக்காமல். "உனக்கு ஓடவே தெரியாதும்மா."

பிறகு அவள் முகம் மெல்லக் கோணியது. ஆனாலும் அழவில்லை.

"மத்ததை வீட்டுல போய்ச் சொல்லுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து, பொய் சொல்லாம."

செருப்புகளைப் பொறுக்கி வந்து புருலின் காலடியில் வைத்தாள். பிறகு, ஆட்டம் முடிந்ததும் பந்துகளைச் சேர்த்துக் கட்டுவது அவள் முறை என்பதால், வலைப்பையைத் தூக்கிக்கொண்டு தூரத்தில் கிடந்த பந்துகளை நோக்கிப் போனாள்.

ஜிபெக் புருலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப உனக்குத் திருப்திதானே?" என்றாள் புருல் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உனக்கு வேலை வைக்காம நானே சொல்லிட்டேன். மேட்ச் முடியட்டும், சொல்லிடறேன்னு உன் புருஷன்கிட்ட பேசினதைக் கேட்டேன்."

ஜிபெக் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினாள் புருல். கோபம் இல்லை.

"அதுக்குத்தானா இந்தக் கயிறு, இந்தச் சண்டை எல்லாம்? அக்கா, நான் சொல்ல நினைச்சது இதை இல்லக்கா. சாகிற வரைக்கும் அவ என்னைச் சித்தின்னே கூப்பிட்டுக்கிட்டு இருக்கட்டும்னுதான் இருந்தேன்."

"பின்னே எதைச் சொல்லணும்னே?"

"நாங்க போறோம். அவரு மாஸ்கோவுல வீடு பாத்துட்டாரு. பசங்களுக்கு ஸ்கூலும் பாத்தாச்சு. வர்ற மாசம் கிளம்பறோம், திரும்பி வர்ற எண்ணம் இல்ல. சித்தி இனிமே சொல்லித்தர வரமாட்டேன்னு அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பேசிட்டிருந்தேன்."

ஜிபெக் இல்லாத கோச்கோர். பத்து வருடமாய் அதைத்தான் புருல் மனத்துக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

தூரத்தில் மீரிம் கடைசிப் பந்தை இடது காலால் உருட்டிக்கொண்டு, நிமிர்ந்து, தனக்கு இரண்டு அம்மா இருப்பதாக ஒரு மணி நேரத்துக்கு முன் தெரிந்துகொண்ட முகத்தோடு, இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

"அவகிட்ட இதை இன்னிக்குச் சொல்லாதே ஜிபெக்" என்றாள் புருல். "தயவுசெய்து இன்னிக்குச் சொல்லாதே."